டார்டாய்ஸா, டோட்டஸா? ஆங்கில விலங்குப் பெயர்களை ஒலிக்கும் முறை

தமிழ்நாட்டில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதலில் வாய்விட்டுச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பங்கு விலங்குகளின் பெயர்கள். ‘சி ஃபார் கேட்’, ‘டி ஃபார் டாக்’, ‘இசட் ஃபார் ஜீப்ரா’ என்று வகுப்பறைச் சுவரில் தொங்கும் வண்ண அட்டையிலிருந்துதான் அந்த மொழி அவர்களுக்குத் தொடங்குகிறது. எளியவை என்று நினைத்தே இவற்றை முதலில் வைக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் வெகுதூரம் விலகி நிற்கும் சொற்கள் இவற்றில்தான் மிகுதி. எலியும் வாத்தும் ஓநாயும் அந்த மொழி தோன்றிய காலத்திலிருந்தே அதில் இருப்பவை; ஆயிரம் ஆண்டு ஒலிமாற்றங்கள் முழுவதையும் அந்தப் பெயர்கள் பட்டு வந்திருக்கின்றன. சிறுத்தையும் ஆமையும் பிரெஞ்சு வழியாக வந்தன. நீர்யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் பெயர் கிரேக்கத்திலிருந்து கிடைத்தது. கங்காருவும் ஜாகுவாரும் கீரியும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தன. இத்தனை வாசல்கள் வழியே நுழைந்த சொற்களை ஒரே எழுத்துக்கூட்டல் விதியை வைத்துப் படிக்க முயல்வதுதான் நம் இடர்ப்பாட்டின் வேர்.

ஆமையையே எடுத்துக்கொள்வோம். டி, ஓ, ஆர், டி, ஓ, ஐ, எஸ், இ என்று எட்டு எழுத்துகள். நம் பள்ளிகளில் இதை ‘டார்டாய்ஸ்’ என்கிறார்கள். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ‘நாய்ஸ்’, ‘வாய்ஸ்’ என்ற சொற்களில் அதே ஓ-ஐ ‘ஆய்’ என்றுதானே ஒலிக்கிறது? ஆனால் பிரிட்டனில் பெரும்பாலோர் சொல்வது ‘டோட்டஸ்’, அமெரிக்காவில் ‘டோர்ட்டஸ்’. முதல் அசை நீண்டு அழுத்தமாக வரும். இரண்டாவது அசையில் ‘ஆய்’ இல்லவே இல்லை; வாய் தளர்ந்த நிலையில் வரும் மங்கலான ஒரு சிறு ‘அ’ மட்டும் உண்டு. இந்த ஒலிப்பு நேற்று வந்ததன்று. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் ஒரு சிலேடை இருக்கிறது. கடலில் வாழும் தங்கள் ஆசிரியரை ஏன் நில ஆமையின் பெயரால் அழைத்தீர்கள் என்ற கேள்விக்கு, அவர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததால்தான் என்று பதில் வருகிறது. ‘எங்களுக்குக் கற்பித்தார்’ என்பதற்கான ஆங்கிலத் தொடர் ‘டோட் அஸ்’. ஆமையின் பெயரும் அந்தத் தொடரும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால்தான் சிலேடை நிற்கும். அடுத்த அத்தியாயத்தில் கடற்பன்றியின் பெயரான ‘போர்ப்பஸ்’ என்பதையும், நோக்கம் என்று பொருள்படும் ‘பர்ப்பஸ்’ என்பதையும் வைத்து இன்னொரு சிலேடை வருகிறது. அதுவும் ஓ-ஐ என்று எழுதப்பட்டு ‘அ’ என்று மங்கி ஒலிக்கும் சொல்தான். 1865ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு நம்மிடம் இல்லை. ஒரு எழுத்தாளரின் வேடிக்கை அந்தக் காலத்து வாய்மொழியைப் பிடித்து வைத்திருக்கிறது.

எழுத்து ஏன் இப்படி ஏமாற்றுகிறது? விடை எலியின் பெயரில் இருக்கிறது. இன்று ஒருமை ‘மவுஸ்’, பன்மை ‘மைஸ்’. பதினான்காம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில், இவை ஏறக்குறைய ‘மூஸ்’, ‘மீஸ்’ என்று ஒலித்தன. வாத்தினத்தைச் சேர்ந்த ‘கூஸ்’ அப்போது ‘கோஸ்’. அதன் பன்மையான ‘கீஸ்’ அப்போது ‘கேஸ்’. 1400 முதல் 1700 வரை, மூன்று நூற்றாண்டுகள் நீண்ட உயிரொலிப் பெயர்ச்சியில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் மாறின. ஏ இருந்த இடத்தில் ஈ வந்தது, ஈ இருந்த இடத்தில் ஐ வந்தது, ஓ ஊவாயிற்று, ஊ ‘அவு’ ஆயிற்று. இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சுக்கு எழுத்துக்கூட்டல் உறைந்து நிற்க வேண்டும். அது மெல்ல உறைந்தது. நாக்கு அதன்பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே நாம் இன்று எழுதுவது பெரிதும் பதினைந்தாம் நூற்றாண்டின் வாய், பேசுவது இருபத்தோராம் நூற்றாண்டின் வாய். கரடியின் பெயர் ‘பேர்’ என்றும், அதே இ-ஏ-ஆர் எழுத்துகள் கொண்ட காதின் பெயர் ‘இயர்’ என்றும் ஒலிப்பதற்குக் காரணம், இந்தப் பெயர்ச்சி எல்லாச் சொற்களையும் ஒரே தூரம் இழுத்துச் செல்லாததுதான்.

ஓநாயின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயரில் இருந்தது உ ஒலி. எழுதியதும் யு எழுத்தால்தான். இடைக்காலத்தில் கையால் படியெடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. யு, என், எம், வி, டபிள்யூ ஆகியவை அவர்கள் கையெழுத்தில் வெறும் செங்குத்துக் கோடுகளாக அடுத்தடுத்து விழுந்தன. எது எந்த எழுத்து என்று பிரித்தறிய முடியவில்லை. எனவே அவற்றின் பக்கத்தில் வரும் யு எழுத்தை ஓ என்று மாற்றி எழுதினார்கள். ஒலி மாறவில்லை, கண்ணுக்கு வசதி செய்தார்கள். ஓநாய் இன்றும் ‘வுல்ஃப்’தான். புறாவின் பெயர் ‘டோவ்’ ஆகாமல் ‘டவ்’ என்று ஒலிப்பதும் இந்தக் குடும்பத்து வழக்கமே.

சால்மன் மீன் நம் ஊர்ப் பல்பொருள் அங்காடிகளுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸாமன்’ என்றே ஒலிப்பு, ல் கிடையாது. பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் வந்தபோது ல் ஏற்கெனவே உதிர்ந்திருந்தது. பிற்காலத்தில் இலத்தீன் கற்றவர்கள் மூலச்சொல்லில் எல் இருப்பதைக் கண்டு எழுத்தில் அதைத் திரும்பச் செருகினார்கள். மீனைப் பிடித்தவர்களும் தின்றவர்களும் பழையபடியே சொல்லி வந்தார்கள். நச்சுணவு உண்டாக்கும் ‘சால்மொனெல்லா’ என்ற நுண்ணுயிரியில் மட்டும் ல் தெளிவாக ஒலிக்கிறதே என்று கேட்கலாம். அதற்கும் மீனுக்கும் தொடர்பில்லை. டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்தது அது.

படித்தவர்களின் கைவண்ணத்துக்கு இதைவிடவும் தெளிவான சான்று, ஸ்காட்லாந்து மலைகளில் வாழும் ‘டார்மிகன்’ என்ற பறவை. அதன் பெயர் கேலிக் மொழிச் சொல். பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கச் சொல் என்று தவறாக எண்ணி முன்னால் ஒரு பி எழுத்தை ஒட்டிவிட்டார்கள். அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான ‘டெரோடாக்டில்’ என்பதிலும் முன்னால் ஒலிக்காத பி உண்டு. அது உண்மையிலேயே கிரேக்கச் சிறகு என்ற சொல்லிலிருந்து வந்தது, அங்கே அதற்கு உரிமை இருக்கிறது. சிறுத்தையை ‘லியோபார்ட்’ என்பது நம்மிடையே மிகப் பரவலான பிழை. ‘லெப்பர்ட்’ என்பதே சரி, இரண்டே அசை. ஆட்டுக்குட்டியின் ‘லாம்’ ஈற்றில் பி ஒலிக்காது. பெண்ணாடு ‘யூ’, ‘நீ’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒலியில் ஒன்றே. பச்சோந்தியின் பெயரில் சி-எச் எழுத்துகள் கிரேக்க வழக்கப்படி க் ஆகும்: ‘கமீலியன்’.

இவ்வளவும் எழுத்தால் வரும் தொல்லை. ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம். தமிழரின் ஆங்கிலத்தில் ஆழமாக ஊன்றி நிற்கும் தடை வேறிடத்தில் இருக்கிறது. அது அசையழுத்தம்.

தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. எனவே எல்லா அசைகளுக்கும் ஏறத்தாழச் சம மதிப்புக் கொடுத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு தலைமை அசை உண்டு. அது உரக்க, நீண்டு, தெளிவாக வரும். மற்றவை அதற்கு வழிவிட்டுச் சுருங்கும். பல இடங்களில் உயிரொலியே தன் நிறத்தை இழந்து அந்த மங்கலான ‘அ’ ஆகிவிடும். நீர்யானையின் பெயரை நாம் ‘ஹிப்போபொட்டாமஸ்’ என்று ஐந்து அசைக்கும் ஐந்து அடி வைத்து நடக்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அது ‘ஹிப்-அ-பாட்-அ-மஸ்’. மூன்றாம் அசை ‘பாட்’ ஒன்றில்தான் முழு எடை. இரண்டாவதும் நான்காவதும் வெறும் மூச்சளவு. ‘போ’வும் இல்லை, ‘டா’வும் இல்லை. காண்டாமிருகத்துக்கு இரண்டாம் அசையில் எடை: ‘ரை-நாஸ்-அ-ரஸ்’. கழுதைப்புலிக்கும் இரண்டாவது: ‘ஹை-ஈ-னா’. கொசுவுக்கும் அப்படியே: ‘மஸ்-கீ-டோ’. யானைக்கும் முதலைக்கும் எருமைக்கும் முதல் அசை.

கொரில்லாவை ஆங்கிலத்தில் சொல்லும்போது முதல் அசை ‘கொ’வும் அன்று, ‘கோ’வும் அன்று, சுருங்கிய ‘க’. எடை ‘ரில்’ மேல். மறைந்திருந்து தாக்கும் போர்முறையின் பெயரும் ஆங்கிலத்தில் துல்லியமாக இதே ஒலிதான். நம் நாளிதழ்கள் ஒன்றைக் ‘கொரில்லா’ என்றும் மற்றதைக் ‘கெரில்லா’ என்றும் பிரித்தும் கலந்தும் எழுதுவது எழுத்தைப் பார்த்து வந்த வேற்றுமை. காதுக்கு அந்த வேற்றுமை இல்லை.

ஈற்றைப் பார்த்து அழுத்தத்தை ஓரளவு ஊகிக்கவும் வழி உண்டு. ‘ஊன்’ என்று முடிகிற பெயர்கள் கடைசி அசையை அழுத்தும்: ‘பபூன்’, ‘ரகூன்’. இரட்டை ஓ, இரட்டை இ என்று முடிகிற வெளிநாட்டுப் பெயர்களும் பெரும்பாலும் அப்படியே: கங்காருவில் ‘ரூ’, சிம்பன்ஸீயில் ‘ஸீ’, காக்கட்டூவில் ‘டூ’. ‘ஜிராஃப்’, ‘கஸெல்’ இரண்டிலும் பின்னசையே தலைமை. ஒட்டகச்சிவிங்கியின் பெயரை முன்னசையில் அழுத்திச் சொல்வது நம்மிடம் கேட்கும் வழக்கம். குயிலின் ‘குக்கூ’ இந்த விதிக்கு அடங்காது. அங்கே முதலசைக்குத்தான் எடை.

சுருங்கும் உயிரொலி தமிழருக்கு அந்நியமானது என்று ஆங்கிலப் பயிற்சி நூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. நம் இலக்கணம் இதை ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசி வருகிறது. ஆடு, மாடு, பாம்பு, குரங்கு, கழுகு, வண்டு, கொக்கு. இவற்றின் ஈற்றில் வரும் உகரத்தை நாம் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும் அந்த உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது. ‘பசு’வின் உகரம் குறுகாது, தனிக்குறிலை அடுத்து நிற்பதால் அது முற்றியலுகரம். ‘ஆடு’ என்பதன் டு வேறு, ‘பசு’ என்பதன் சு வேறு என்பதை எந்தத் தமிழ்க் குழந்தையும் இலக்கணம் படிக்காமலே சரியாகச் சொல்கிறது. யானை, பூனை, தவளை, முதலை, ஆந்தை, ஆமை. இவற்றின் ஈற்றில் நிற்கும் ஐகாரமும் இரண்டு மாத்திரை அளவுக்கு ஒலிப்பதில்லை. நன்னூல் கூறும் பத்துச் சார்பெழுத்துகளில் ஐகாரக்குறுக்கம் ஒன்று. ‘ஆமை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஈற்றை ‘மாய்’ போல நீட்டி ஒருவர் படித்தால் அவருக்குத் தமிழ் புதிது என்று நமக்கு உடனே தெரிந்துவிடும். நாம் ‘டார்டாய்ஸ்’ என்று சொல்லும்போது ஆங்கிலக் காதுக்குக் கேட்பதும் அதே வகைக் குறைதான். எழுதிய எழுத்து முழு அளவில் நிற்கிறது, ஒலி குறுகிவிட்டது. தமிழில் எது எங்கே குறுகும் என்பதற்குச் சீரான விதி இருக்கிறது; ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. வேறுபாடு அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் குற்றியலுகரம் நடத்தும் தமிழாசிரியரும் பக்கத்து வகுப்பில் ஆங்கிலம் நடத்துபவரும் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டால் மாணவர்களுக்குப் பெரிய நன்மை கிடைக்கும்.

மெய்யொலிகளில் நம் தடுமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். சொல்லின் முதலில் எ, ஏ, ஈ வந்தால் நாம் அறியாமலே ஒரு யகரத்தை முன்னால் சேர்க்கிறோம்: ‘யெலிஃபன்ட்’, ‘யீகில்’. ஒ, ஓ வந்தால் வகரம்: எருதின் ‘ஆக்ஸ்’ சிலர் வாயில் ‘வாக்ஸ்’ ஆகிறது. ஆங்கிலத்தின் வி, டபிள்யூ இரண்டுக்கும் நம்மிடம் ஒரே வகரம். ‘வேல்’ என்ற திமிங்கிலத்துக்கு இதழ்களைக் குவித்துத் தொடங்க வேண்டும். ‘வல்ச்சர்’ என்ற பிணந்தின்னிக் கழுகுக்கு மேற்பல் கீழிதழைத் தொட வேண்டும். ‘பிக்’ என்ற பன்றியின் பெயரில் முதல் ப் ஒலியோடு ஒரு சிறு மூச்சு வெடித்து வரவேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்தால் அந்தக் காற்றை உணரலாம். அது இல்லாவிட்டால் ஆங்கிலேயருக்குப் பெரியது என்று பொருள்தரும் சொல்லாகக் கேட்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘பிக்’ என்றே விழுவதால் தமிழெழுத்தை மட்டும் நம்பி ஒலிப்புக் கற்பிக்கும் கையேடுகள் இங்கே கைவிட்டுவிடுகின்றன. ஆட்டின் பெயரும் மேலங்கியின் பெயரும் ‘கோட்’ என்றே எழுதப்படுவதும் இதே குறை. மறுபுறம், குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பிறவிச் சொத்து. ‘ஷிப்’, ‘ஷீப்’ இரண்டையும் பிரித்துச் சொல்ல ஐரோப்பியர் பலர் ஆண்டுக்கணக்கில் திணறுகிறார்கள்; தமிழருக்கு அது ஒரு பொருட்டே ஆகாது.

இனி, ஒன்றுக்கு மேற்பட்ட சரிகள் இருக்கும் பெயர்கள். வரிக்குதிரையைப் பிரிட்டனில் ‘ஸெப்ரா’ என்று குறிலாகவும் அமெரிக்காவில் ‘ஸீப்ரா’ என்று நெடிலாகவும் சொல்கிறார்கள். முதலில் வருவது நம் சகரமும் இல்லை, ஜகரமும் இல்லை. பல்லிடுக்கில் அதிர்வோடு வரும் ஒலி. பிரிட்டனிலும் முன்பு நெடிலே மேலோங்கியிருந்தது. அங்கே பிறகு மாறியது, அமெரிக்காவில் மாறவில்லை. ஆக, நம் பள்ளி அட்டையின் ‘ஜீப்ரா’வில் நெடில் குற்றமற்றது, முதல் மெய்யை மட்டும் திருத்தினால் போதும். ஜாகுவார் பிரிட்டனில் ‘ஜாக்-யு-அ’ என்று மூன்று அசை, அமெரிக்காவில் ‘ஜாக்-வார்’ என்று இரண்டு. தென்னமெரிக்கப் பழங்குடி மொழியில் அந்தச் சொல் யகரத்தில் தொடங்கியது. போர்த்துகீசியர் வழியாக வரும்போது ஜகரம் ஏறியது.

‘கயோட்டி’ என்ற வட அமெரிக்கக் காட்டுநாயின் கதை சுவையானது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல், ஸ்பானியர் வாய்வழி ஆங்கிலத்துக்குள் வந்தது. மார்க் ட்வைன் 1872இல் வெளியிட்ட தம் மேற்கத்தியப் பயண நூலில் இதை மூன்றசையாகச் சொல்ல வேண்டும் என்று வாசகருக்கு ஒலிப்பே எழுதிக் காட்டினார்; கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவு புதிது. இன்றும் அமெரிக்க அகராதிகள் ‘கை-ஓ-டி’, ‘கை-ஓட்’ இரண்டையும் தருகின்றன. இரண்டசை வழக்கு மேற்கு மாநிலங்களின் கால்நடைப் பண்ணைக்காரர்களிடம் வேரூன்றியது. அந்த விலங்கோடு நித்தம் புழங்குபவர்கள் சொல்வதைப் பிழை என்று எவரும் தள்ள முடியாது.

கங்காரு பற்றி நம் பொது அறிவுப் புத்தகங்கள் இன்னும் ஒரு தவறான கதையைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன. கேப்டன் குக் விலங்கின் பெயரைக் கேட்டாராம். எனக்குத் தெரியாது என்று பழங்குடியினர் சொன்ன விடையே பெயராகிவிட்டதாம். 1770இல் குக்கின் கப்பல் பவளப்பாறையில் மோதிப் பழுதாகி ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் ஓர் ஆற்று முகத்தில் நின்றபோது, அவருடன் பயணித்த ஜோசப் பேங்க்ஸ் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார். அங்கு வாழும் கூகு இமிதிர் மக்களின் மொழியில் ‘கங்குரு’ என்பது ஒருவகைக் கங்காருவின் உண்மைப் பெயர் என்பதை 1970களில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் களத்தில் உறுதிசெய்தார். ஒரு மக்களின் சொல்வளத்தை அறியாமையாகக் காட்டும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நல்லது.

ஓராங்குட்டானின் பெயருக்கு மூலமான மலாய்த் தொடர் ‘ஓராங் ஹூத்தான்’ என்றால் காட்டு மனிதர். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது தெரிந்த சொல். அவர்கள் ஈற்றில் ங் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர் பலரே ‘உடாங்’ என்று முடிக்கிறார்கள். இந்த ஒரு பெயரில் கோலாலம்பூர்த் தமிழரின் ஒலிப்பு மூலத்துக்கு அவர்களைவிட நெருக்கம்.

நம் பக்கத்திலிருந்து போன பெயர்களும் உண்டு. கீரியின் ‘மாங்கூஸ்’ மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கிலும் அதன் உறவுச் சொல் இருக்கிறது. ஆங்கிலேயர் காதில் அதன் பின்பாதி வாத்தின் பெயராக விழுந்ததால் எழுத்தும் அப்படி அமைந்தது. பன்மை ‘மாங்கீஸ்’ ஆகாது, ‘மாங்கூஸஸ்’தான். பெருச்சாளியின் ‘பாண்டிகூட்’ தெலுங்கின் ‘பந்திகொக்கு’, பன்றியெலி. அழுத்தம் முதல் அசையில். ‘அனகோண்டா’வுக்கு ஆனைக்கொன்றான் என்ற தமிழ் மூலத்தை யூலும் பர்னெலும் 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் எடுத்துக்காட்டினார்கள். சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்ற பாம்புப் பெயரும் இருக்கிறது; வழக்கு இன்னும் தீரவில்லை. இலங்கைப் பாம்பின் பெயராக ஐரோப்பாவில் அறிமுகமானது பின்னர் தென்னமெரிக்கப் பாம்புக்குப் போய்விட்டது என்பது மட்டும் உறுதி. ஒலிப்பில் ‘கோண்’ என்ற மூன்றாம் அசைக்கே எடை. முதுமலைக்கும் ஆனைமலைக்கும் போகிறவர்கள் ஆங்கிலப் பலகைகளில் மூன்று பெயர்களைப் படித்துத் திகைப்பதுண்டு. காட்டுமாட்டின் பெயர் ‘கௌர்’; அதன் ஒலிப்பு, மணி நேரத்துக்கான ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு இயையும். செந்நாய் ‘டோல்’, ஓரசை, எச் ஒலிக்காது. நம் மாநில விலங்கான வரையாட்டின் ‘தார்’ என்ற பெயரிலும் எச் ஊமை. அது நேபாளப் பக்கத்திலிருந்து வந்த சொல்.

இத்தனைக்கும் பிறகு, சரியாகச் சொல்வது எவ்வளவு முக்கியம்? ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒன்றுபடவில்லை. ஐதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரின் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போவதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இடம்மாறிய அசையழுத்தத்தைச் சுட்டியது. 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் எழுதிய நூல் வேறு திசையில் போயிற்று. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது சொல்லழுத்தமோ மங்கிய உயிரோ பெரிதாகத் தேவைப்படுவதில்லை, மெய்யொலிகளும் உயிர் நீளமுமே முக்கியம் என்றார் அவர். என் கணிப்பில் இரண்டும் மெய். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. சென்னைக்காரர் ஜப்பானியரிடம் பேசினால் ஜென்கின்ஸ் சொல்வது பொருந்தும். அதே சென்னைக்காரர் லண்டனில் கால்நடை மருத்துவம் படிக்கப் போனால் பன்சாலின் எச்சரிக்கை முதல் நாளே உண்மையாகும். பள்ளிப் பிள்ளை யாரிடம் பேசப் போகிறது என்று நமக்கு இன்று தெரியாது. ஆகவே அழுத்தத்தைக் கற்றுக்கொடுத்து விடுவதே அதற்கு நாம் செய்யும் நியாயம்.

சரி எது என்று தீர்ப்பளிக்கும் பீடம் ஆங்கிலத்துக்கு எப்போதும் இருந்ததில்லை. 1926இல் பிபிசி வானொலி தன் அறிவிப்பாளர்களுக்காக ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர். அவருக்குப் பின் பெர்னார்ட் ஷா. அவ்வளவு பெரியவர்கள் உட்கார்ந்தும் கருத்து வேற்றுமைகள் ஓயவில்லை. 1939இல் குழு நின்றுபோனது. இன்று அகராதிகள் மக்கள் சொல்வதைப் பதிவு செய்கின்றன. டேனியல் ஜோன்ஸ் 1917இல் தொடங்கிவைத்த ஒலிப்பு அகராதியும் ஜே.சி. வெல்ஸ் 1990இல் கொண்டுவந்த லாங்மன் ஒலிப்பு அகராதியும் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று ஒலிப்புகளைத் தயங்காமல் தருகின்றன. பிரிட்டன் வழக்கு, அமெரிக்க வழக்கு என இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைப்பது கற்பவருக்கு எளிது.

தமிழில் பேசும்போது ‘சிம்பன்சி’, ‘ஜீப்ரா’ என்பவை தமிழ் நாக்குக்கு வந்துசேர்ந்த சொற்கள். அங்கே அவற்றைத் தமிழாகவே சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை. ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போதுதான் ஆங்கில ஒலிப்பு கடமையாகிறது. இந்த எல்லையை மறந்து, தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ‘லியோபார்ட்’ என்றதற்காக வகுப்பே சிரிக்கும்படி விடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த மாணவர் வாய் திறப்பதில்லை. அவர் செய்ததோ எழுத்தை நேர்மையாகப் படித்தது. பிழை அந்த எழுத்துக்கூட்டலின் ஐந்நூறு வயதில் இருக்கிறது. திருத்துவது வேண்டும், உடனே வேண்டும், காரணத்தோடு வேண்டும். சிரிப்பு வேண்டாம்.

குழந்தைகளுக்கு விலங்குப் படப் புத்தகங்கள் வெளியிடும் பதிப்பகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலப் பெயரின் கீழே தமிழில் ஒலிப்பு அச்சிடுகிறீர்கள். மிக நல்ல பழக்கம். எழுத்தைப் பார்த்து அதை எழுதாமல் அகராதியைப் பார்த்து எழுதுங்கள். அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அகராதிகள் அந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இட்டிருக்கும். மங்கிய உயிருக்குத் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ‘இ’ எழுத்து இருக்கும். இந்த இரண்டு குறிகளை மட்டும் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்துகொண்டால், அடுத்த முறை பிள்ளை புதிய விலங்கு ஒன்றின் பெயரைக் கேட்கும்போது கைப்பேசியிலேயே பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.